கம்ப்யூட்டர் கேள்வி பதில்: சாவி யார் யார் கையில்?

இந்த மாதக் கேள்விகளில் பாதி மலைக்கு மேலே, கேரளாவின் இடுக்கிப் பக்கமிருந்தும், பாதி கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் வந்திருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். கம்பத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் சொல்கிற பதில்கள் இவை. எதை வாங்குங்கள் என்பதைவிட எதை வாங்க வேண்டாம் என்பதுதான் அதிகம் இருக்கும்.

ஏலக்காய்த் தோட்டக்காரர், வண்டன்மேடு: காய் விலை பார்க்கலாம் என்று ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. இங்கிலீஷில் ஒரு பெண் குரல் விடாமல் கத்துகிறது. ‘உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, மைக்ரோசாஃப்ட்டைக் கூப்பிடுங்கள்’ என்று ஒரு நம்பர். பயத்தில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். அன்றிலிருந்து திரையின் வலது ஓரத்தில் ‘வைரஸ், வைரஸ்’ என்று சின்னக் கட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கம்ப்யூட்டர் போச்சா அண்ணே?

ஒன்றும் போகவில்லை அய்யா. அந்த நம்பருக்குக் கூப்பிடாமல் விட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

அந்தச் சிவப்புத் திரை ஒரு சாதாரண இணையப் பக்கம். பிரவுசரை முழுத்திரையாக விரித்து, ஒரு ஒலிப்பதிவையும் ஓட்டினால் கம்ப்யூட்டரே பூட்டிக்கொண்ட மாதிரித் தெரியும். மைக்ரோசாஃப்ட் காட்டும் எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பரே இருக்காது. நம்பர் இருந்தாலே அது திருட்டு வேலை. அடுத்த முறை வந்தால் எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை ரீஸ்டோர் பண்ணவா’ என்று கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெண் குரலும் சேர்ந்து வந்துவிடும்.

வலது ஓரத்தில் வரும் கட்டங்கள் வேறு கதை. என்றைக்கோ ஒரு பக்கம் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா’ என்று கேட்டிருக்கும், நீங்கள் ‘அலோ’ கொடுத்திருப்பீர்கள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்தவும்’ என்று ஏமாற்றி வாங்குவதும் உண்டு. குரோமில் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால், அனுமதி வாங்கிய பக்கங்களின் பெயர்கள் பட்டியலாக இருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். கடைக்கு ‘வைரஸ்’ என்று தூக்கிக்கொண்டு வரும் கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு நான் செய்யும் வைத்தியமே இதுதான். உங்களுக்குச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எடுப்பவன் மரியாதையாகப் பேசுவான். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்வான். உள்ளே வந்ததும் ‘ஈவெண்ட் வியூவர்’ என்ற இடத்தைத் திறந்து, வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி ‘பாருங்கள், எத்தனை வைரஸ்’ என்பான். அந்தச் சிவப்புக் குறிகள் நேற்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். பிரிண்டர் ஒரு தடவை பதில் சொல்லாவிட்டால்கூட அங்கே ஒரு குறி விழும். அதைக் காட்டித்தான் காசு கேட்பான். காசு கட்ட நீங்கள் பேங்க் பக்கத்தைத் திறந்தால் அதையும் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, கம்பம்: சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வைஃபை இழுக்கிறது. ‘பெரிய பிளான் போட்டுக்கோங்க டீச்சர்’ என்கிறார் கேபிள்காரத் தம்பி. இப்போது இருப்பது 40 எம்பிபிஎஸ். பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு. பெரிய பிளான் போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் டீச்சர். முதலில் 40 என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது மெகாபிட் கணக்கு. நம் ஃபைல்களை அளப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 40 எம்பிபிஎஸ் லைனில் வினாடிக்கு அதிகபட்சம் 5 மெகாபைட் இறங்கும். ‘நாற்பது என்றார்கள், ஐந்துதான் வருகிறது’ என்று கேபிள்காரரோடு சண்டை போட்டவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு வீடியோ வகுப்புக்கு நான்கு எம்பிபிஎஸ் வந்தாலே தாராளம். உங்கள் பிளானில் குறை இல்லை.

லைன் சரியா, வைஃபை சரியா என்று பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பை லேன் வயரில் நேராக மோடத்தில் செருகி, சாயங்காலம் ஏழு மணிக்கே வேகத்தைச் சோதியுங்கள். வயரில் 35க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வீட்டுக்குள்தான். வயரிலும் எட்டு, பத்து என்று காட்டினால் அந்தத் திரையை ஃபோட்டோ எடுத்துக் கேபிள்காரத் தம்பிக்கு அனுப்புங்கள். மேலே அவர் வாங்கும் லைனை எத்தனை வீட்டுக்குப் பிரித்திருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த நிலையில் பெரிய பிளான் போட்டால் காசுதான் கூடும்.

வீட்டுக்குள் என்றால், மோடம் எங்கே இருக்கிறது? நம்மூரில் அது முன்னறையில் இரும்பு பீரோவின் மேல் இருக்கும், இல்லாவிட்டால் டிவிக்குப் பின்னால். இரும்பு அலையைத் தடுக்கும், பீரோவில் பதித்த கண்ணாடியும் சேர்ந்து தடுக்கும். வீட்டின் நடுவில், தலை உயரத்துக்குமேல், திறந்த இடத்தில் ஒரு பலகை அடித்து வையுங்கள். புது மோடங்களில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை வரும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு, பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதிலேயே மோதிக்கொண்டிருக்கும். 5 வேகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் திணறும். பேத்தி மோடம் இருக்கும் அறையிலேயே படித்தால் 5இல் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஏழு மணிக்கு மட்டும் ஏன் இழுக்கிறது? உங்கள் வைஃபையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மோடத்தின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 மாதிரி ஓர் எண், ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு. அந்த எண்ணைப் பிரவுசரில் அடித்தால் மோடத்தின் உள்பக்கம் திறக்கும். இப்போது சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியல் அதில் வரும். வீட்டில் மூன்று ஃபோன், ஒரு டிவி, ஒரு லேப்டாப் என்றால் ஐந்து இருக்க வேண்டும். போன மாதம் இதே புகாரோடு வந்த ஒருவர் வீட்டில் பதினொன்று இருந்தது. அவருடைய வைஃபை பாஸ்வேர்டு அவருடைய செல்ஃபோன் நம்பரேதான். மாட்டிக் கொடுத்தவர் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதிர்வீட்டுப் பையன்களுக்கு அவர் நம்பர் தெரியாதா என்ன!

இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. நாம் பூட்டுக்குக் காசு செலவழிக்கிறோம், சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் மோடத்துக்கு இரண்டு சாவி. ஒன்று வைஃபை பாஸ்வேர்டு. இன்னொன்று அந்த உள்பக்கத்தின் பாஸ்வேர்டு. இரண்டாவது பல வீடுகளில் இன்னமும் ‘அட்மின்’தான். அது கையில் இருந்தால் முதல் சாவியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் அடிக்கும் முகவரியை வேறு போலிப் பக்கத்துக்குத் திருப்பியும் விடலாம். கேபிள்காரத் தம்பியை வீட்டுக்கு அழைத்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே இரண்டையும் மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூஇபி என்று இருந்தால் அது உடைந்து பல வருடம் ஆகிறது. ஒரு பட்டனை அமுக்கினால் சேரும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள், அதன் எட்டு இலக்க எண்ணை ஊகித்தே உள்ளே வரலாம் என்று 2011இலேயே காட்டிவிட்டார்கள். வைஃபை பெயரை ஒளித்து வைப்பதெல்லாம் சும்மா. புதுப் பாஸ்வேர்டை நோட்டில் எழுதி அதே பீரோவுக்குள் வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

சிறு தோட்டக்காரர், நெடுங்கண்டம்: இடி மழையில் மோடம் எரிந்துபோகிறது. பழைய ஃபோன் லைனில் இருந்தபோதுதான் இப்படி என்றால், ஃபைபர் போட்ட பிறகும் ஒன்று போய்விட்டது. ஃபைபரில் கரண்ட் வராது என்றார்களே?

கண்ணாடி இழையில் கரண்ட் வராது, உண்மைதான். வந்த வழி வேறு. மோடத்துக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் ஒரு வழி. லேன் வயர் இன்னொரு வழி. உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘வீட்டிலிருந்து ஸ்டோருக்கு கேமரா வயர் போகிறது’. அங்கேதான் விஷயம் இருக்கிறது. காய் உலர்த்தும் ஸ்டோர் வரைக்கும் வெட்டவெளியில் செம்பு வயரை இழுத்தால், பக்கத்தில் எங்கே மின்னல் விழுந்தாலும் அந்த வயரில் மின்னழுத்தம் எகிறும். ஒரு முனையில் கேமரா போகும், மறுமுனையில் மோடம் போகும். மின்னல் அந்த வயரிலேயே விழ வேண்டும் என்றில்லை. மேலும், சில ஃபைபர் கேபிளில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். அதை வெளியே போஸ்ட் கம்பத்திலேயே கட்டி நிறுத்திவிட்டு, வெறும் இழையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஸ்டோருக்குப் போகும் வயரை எடுத்துவிட்டு அந்தத் தூரத்துக்கும் ஃபைபரே போடுங்கள். இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். இடிக்கொரு கேமரா எரிவதைப் பார்த்தால் செலவு குறைவுதான்.

ஸர்ஜ் புரொட்டெக்டர் போட்ட பலகை வாங்கினேன், அப்படியும் எரிந்தது என்பார்கள். எர்த் சரியாக இருந்தால்தான் அது முழுசாக வேலை செய்யும். மேலே பாறை மண். எர்த் குழியில் ஈரம் நிற்காது, கரியும் உப்பும் போட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றினால்தான் பிடிக்கும். பல வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருப்பதில்லை, எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம்விட நம்பகமான வழி, இடிச் சத்தம் கேட்டதும் ப்ளக்கையும் லேன் வயரையும் பிடுங்கிவிடுவது. மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் மத்தியானத்துக்கு மேல்தான் இடி அதிகம். அந்த நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே பிடுங்கிவிட்டுப் போங்கள்.

மோடத்தில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியே லைன் அறுந்திருக்கிறது, அல்லது ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மரக்கிளை விழுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். சுவரோரம் அதை மடக்கி ஆணி அடித்திருந்தாலும் இதே கதி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதால் சரியாகாது. பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து நின்றும் நெட் வரவில்லை என்றால் பில் கட்டினீர்களா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று, கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

தேயிலை, மசாலாக் கடைக்காரர், குமுளி: வரும் டூரிஸ்ட் எல்லாம் வைஃபை கேட்கிறார்கள். பில் போடும் கம்ப்யூட்டரும் அதே வைஃபையில்தான். கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் அதே வைஃபையைக் கொடுக்காதீர்கள். மோடத்தின் உள்பக்கத்தில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று இருக்கும். அதற்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. அதில் சேர்கிறவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் பில் கம்ப்யூட்டரோ பிரிண்டரோ தெரியாது. அந்தப் பாஸ்வேர்டை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் லைனில் யாராவது வேண்டாத வேலை செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். இன்னொன்றும் கேட்கவில்லை, சொல்கிறேன்: கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை தினமும் காலையில் ஒருமுறை உங்கள் ஃபோனிலேயே ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

லோயர்கேம்ப் வாசகி: வீட்டுக்குள் இருக்கும்போதே ஃபோனில் ‘கேரளாவுக்கு வரவேற்கிறோம்’ என்று வருகிறது. யாரையாவது கூப்பிட்டால் மலையாளத்தில் பேசுகிறது. ஃபோனை யாரோ ஹேக் செய்திருக்கிறார்களா?

இல்லை தங்கச்சி. மலைமேல் இருக்கும் டவர் உயரத்தில் இருப்பதால் உங்கள் வீட்டு மொட்டைமாடி வரை எட்டுகிறது, ஃபோன் அதைப் பிடித்துக்கொள்கிறது. நம் பக்கம் எல்லோருக்கும் உள்ள உறவுதான் இது. இதனால் கூடுதல் காசு ஆகாது. தொல்லையாக இருந்தால் நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை எடுத்துவிட்டு நம் பக்கத்து டவரைத் தேர்ந்தெடுங்கள். மேலே போகும்போது மறக்காமல் திரும்ப மாற்றுங்கள்.

கமிஷன் கடைக் கணக்கர், போடிநாயக்கனூர்: கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. அப்டேட் நின்றுவிட்டது என்கிறார்கள். கணக்கு சாஃப்ட்வேர் ஒருவர் போட்டுக் கொடுத்தது, ஒரிஜினல் இல்லை. அதைப் போடும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னார். இப்போது ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கினால் போதுமா?

போதாது. ஆஃப் பண்ணச் சொல்லி உள்ளே அனுப்பிய ஆள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறான். அந்த ‘கிராக்’ ஃபைல் வெறும் பூட்டை மட்டும் உடைத்ததா, கூடவே எதையாவது விட்டுச் சென்றதா என்று உங்களுக்கும் தெரியாது, போட்டுக் கொடுத்தவருக்கும் தெரியாது. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலத்தில் உட்கார்கிற கடைக்காரர்களின் விவரம், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம். முதலாளியிடம் என் பேரைச் சொல்லியே கேளுங்கள்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. அப்டேட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2017 மே மாதம் வான்னாகிரை என்று ஒன்று வந்தது. ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களில் சில பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் அதில் மாட்டின. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஒரு கடைக்குப் போதும். தனியாக ஆன்டிவைரஸ் வாங்கும் காசில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். தினமும் கடை சாத்தும்போது அன்றைய கணக்கை அதில் ஏற்றிவிட்டுக் கழற்றிவிடுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே வைத்திருந்தால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். வாரம் ஒருநாள் இன்னொரு காப்பி வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். காப்பி எடுத்தோம் என்று நம்பி, திறந்தால் ஃபைல் காலி என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத் தொழிலாளி, கட்டப்பனை: சொந்தக்காரப் பையன் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. அமுக்கினேன், ஏதோ ஏறியது, பத்திரிகை வரவில்லை. ராத்திரி என் நம்பரிலிருந்து எல்லா குரூப்புக்கும் அதே பத்திரிகை போயிருக்கிறது. காலையில் கணக்கில் பணம் இல்லை.

இந்தக் கடிதம் வந்த அன்றே இவரிடம் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காகப் போடுகிறேன்.

பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். இவருக்கு வந்ததன் பெயர் கடைசியில் ஏபிகே என்று முடிந்திருந்தது. அது ஒரு ஆப். அமுக்கியதும் ‘தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், அனுமதிக்கவா’ என்று ஃபோன் கேட்டிருக்கும். அடுத்து எஸ்எம்எஸ் படிக்கலாமா என்று கேட்டிருக்கும். இரண்டுக்கும் சரி கொடுத்தால், பேங்க் அனுப்பும் ஓடிபியை அதுவே படித்து வெளியே அனுப்பிவிடும். நீங்கள் யாருக்கும் ஓடிபி சொல்ல வேண்டியதே இல்லை. டிராஃபிக் அபராதம், கிசான் பணம், கரண்ட் பில் என்று பல பெயர்களில் இதே சரக்குதான் சுற்றுகிறது. அனுப்பியவர் தெரிந்தவர் என்பதால் நம்பாதீர்கள், அவர் ஃபோனும் இப்படித்தான் போயிருக்கும்.

நடந்துவிட்டால் செய்ய வேண்டியது: உடனே ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பக்கத்து ஆள் ஃபோனிலிருந்து 1930க்குக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டு சிம், கேரளா சிம் என்ற கணக்கெல்லாம் இல்லை, நாடு முழுக்க ஒரே நம்பர். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கிருந்து அடுத்த கைக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள். எவ்வளவு வெரசாகக் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. அடுத்து பேங்க். கார்டையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொடுத்த வழிகாட்டுதல்படி, வாடிக்கையாளரின் அலட்சியத்தால் பணம் போயிருந்தாலும், அவர் தகவல் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. அதனால் சொன்ன நேரத்துக்குச் சாட்சி வேண்டும். ஆப்பை நீக்குவது கடைசி வேலை. அதற்குமுன் திரையை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், போலீஸ் கேட்கும். பிறகு ஃபோனை முழுசாக ரீசெட் செய்துவிடுவது நல்லது.

இவர் கூப்பிட்டது மறுநாள் மத்தியானம். ‘மேஸ்திரியிடம் லீவு கேட்க வெட்கமாக இருந்தது’ என்றார். அந்த வெட்கத்தை நம்பித்தான் திருடன் பிழைக்கிறான்.

இன்னொரு வாசகர், உத்தமபாளையம்: பம்பாய் போலீஸ் என்று வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிறான்.

அப்படி ஓர் அரெஸ்ட் நம் சட்டத்திலேயே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொன்னார். கட் பண்ணிவிட்டு 1930.

சின்னமனூர் வாசகி: ஆதார், பாஸ்புக் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் கடையில் ‘வாட்ஸ்அப்பில் அனுப்புங்கக்கா’ என்கிறார்கள். கேரளாவில் அக்ஷயா மையத்திலும் இங்கே இ-சேவை மையத்திலும் கொடுத்துவிட்டு வருகிறோம். பரவாயில்லையா?

அரசு மையத்தில் கொடுப்பதில் தவறில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அந்தப் படம் அவர்கள் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் பெட்டியில் கிடக்கும், அடுத்தடுத்து வருகிறவர்கள் கண்ணிலும் படும். அங்கேயே நின்று ‘தம்பி, இதை அழிச்சிருப்பா’ என்று சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வையுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ பிரதி இலவசமாக இறக்கலாம், பல இடங்களில் அது போதும். உங்கள் வாட்ஸ்அப்பையே அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால், ஃபோனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய்த் தெரியாத கம்ப்யூட்டரை வெளியேற்றுங்கள். ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் இருக்கிறது. ரேஷனுக்கோ பேங்குக்கோ ரேகை வைக்கும் நாளில் திறந்துகொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். சிலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

தேவாரம் வாசகர்: உங்களை மாதிரி சர்வீஸ்காரர்கள் கடையிலிருந்தே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்கிறீர்களே, வேலை முடிந்த பிறகும் வரமுடியுமா?

வரமுடியும். இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும்.

தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளில் ஒவ்வொரு முறையும் நீங்கள் ‘அக்செப்ட்’ கொடுத்தால்தான் உள்ளே வரும்படியும் வைக்கலாம், ஒரு பாஸ்வேர்டு போட்டு நீங்கள் இல்லாதபோதும் வரும்படியும் வைக்கலாம். அடிக்கடி கூப்பிடுகிறவர்களுக்கு சர்வீஸ்காரர்கள் இரண்டாவதை வைத்துவிடுவது வழக்கம், வசதிக்காகத்தான். ஆனால் அந்த சர்வீஸ்காரரின் கடையில் வேலை பார்த்துவிட்டுப் போன பையனுக்கும் அது தெரியும். வேலை முடிந்ததும் ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று கேளுங்கள். கண்ட்ரோல் பேனலில் நீக்கி, மறுபடி கம்ப்யூட்டரை ஆன் செய்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் இல்லை என்று உங்கள் கண்ணால் பாருங்கள். தேவைப்பட்டால் மறுபடி போட ஐந்து நிமிஷம். முகம் சுளிக்கிற சர்வீஸ்காரர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நானாக இருந்தாலும் சரி.

கல்லூரி மாணவர், பீர்மேடு: பாஸ்வேர்டு ஞாபகம் இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒன்றே வைத்திருக்கிறேன். விபிஎன் போட்டால் பாதுகாப்பா?

ஓசி விபிஎன் வேண்டாம் தம்பி. காசு வாங்காமல் உன் முழுப் போக்குவரத்தையும் தன் வழியாக அனுப்புகிறவன் எதில் சம்பாதிக்கிறான் என்று யோசி. எங்கேயோ ஒரு தளத்திலிருந்து பாஸ்வேர்டு கசிந்தால், திருடன் அதையே உன் மெயிலிலும் போட்டுப் பார்ப்பான். அதனால் மெயிலுக்கு மட்டுமாவது வேறு ஒன்று, நீளமானது, வேறெங்கும் போடாதது. பாட்டி சொல்லும் ஏதாவது ஒரு வாக்கியத்தை இங்கிலீஷ் எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடித்துக்கொள். சம்பந்தமில்லாத நாலைந்து வார்த்தை இருந்தால் நல்லது. கூடவே, பாஸ்வேர்டுக்குப் பிறகு ஃபோனிலும் ஒருமுறை உறுதி கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் பண்ணு. மற்றதை எல்லாம் பிரவுசரின் பாஸ்வேர்டு மேனேஜரே உருவாக்கி வைத்துக்கொள்ளும், அதற்கு ஃபோனில் திரைப்பூட்டு கட்டாயம்.

கூடலூர் வாசகர்: கரண்ட் போனால் மோடம் அணைந்துவிடுகிறது. இன்வெர்ட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். 12 வோல்ட் மினி யூபிஎஸ் என்று கேளுங்கள். மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட்தானா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொண்டு போங்கள். அளவு சரியாக இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கும். இடி இடித்தால் அதன் ப்ளக்கையும் பிடுங்குங்கள், பேட்டரியிலேயே ஓடட்டும்.